‘மரம்’ எழுத்தில்லையாம்!

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, ஒரு சிறு சோதனை. பைத்தான் நிரல்மொழியில் ‘மர’ என்று எழுதி, இஃது எழுத்துகளால் மட்டும் ஆனதா என ‘இஸ்ஆல்ஃபா’ கட்டளையால் வினவுங்கள். ஆம் என்னும். ‘மரம்’ என்று எழுதி வினவுங்கள். இல்லை என்னும்!

யூனிகோடு அட்டவணை புள்ளியையும் துணைக்கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளையும் எழுத்து எனக் கொள்ளாமல் ஒட்டுக்குறி என வகைப்படுத்தியுள்ளது. அக்கட்டளையோ எழுத்து வகையை மட்டுமே ஏற்கும். தொல்காப்பியர் மெய்க்கு அடையாளமாக வைத்த புள்ளி, இங்கே சொல்லையே செல்லாததாக்கி விடுகிறது. அதே பைத்தான், 2008இல் வெளிவந்த 3ஆம் பதிப்பு முதல், ‘மரம்’ என்பதை மாறியின் பெயராக மறுப்பின்றி ஏற்கிறது. ஒரே வீட்டில் இரு சட்டம்!

சி மொழியின் கதை இன்னும் நீண்டது. 1999ஆம் ஆண்டுத் தரநூல், பெயர்களில் வரத்தக்க எழுத்துகளின் பட்டியலில் தமிழையும் சேர்த்தது. ஆயினும், பெரிதும் பயன்படும் ஜிசிசி எனும் கம்பைலர், நேரடியாகத் தட்டச்சு செய்த தமிழ்ப்பெயரை 2020இல் வந்த 10ஆம் பதிப்பில்தான் ஏற்றது. அதுவரை எழுத்துக்கு எழுத்து எண்குறி இட்டால்தான் வழி. இல்லையேல் ‘ஸ்ட்ரே’ எனப் பிழை காட்டும். தெருநாய்க்கு வழங்கும் அதே ஆங்கிலச் சொல்! பழைய பதிப்பு உள்ள கணினிகளில் இன்றும் அதே மறுப்புத்தான்.

பிழைச் செய்தியைக் கண்ட பிள்ளை என்ன செய்யும்? தமிழ்ப்பெயரை அழித்துவிடும். “நிரலுக்குத் தமிழ் ஒத்துவராது” என்று நம்மில் சிலரே சொல்லியும் விடுகின்றோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆங்கிலக் கட்டளைகளைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். ஆனால், விதிப்படி சரியான பெயரைக் கருவி மறுத்தால், குறை கருவியினுடையது என்பதை அப்பொழுதே பிள்ளையிடம் சொல்ல வேண்டியவர்கள் நாம். இங்கே ஜொகூரிலும், பெயரில் உள்ள ஏ/எல், ஏ/பி சாய்கோட்டை ஏற்காத இணையப் படிவங்களோடு மல்லுக்கட்டிய பெற்றோர் இருக்கின்றனர். அதற்காக நம் பெயரே தவறென்று எவரும் ஒப்புக்கொண்டதில்லையே!

பள்ளிக் கணினியில் கம்பைலரின் பதிப்பு எண்ணை முதலில் பாருங்கள். எழுத்துகளை எண்ணும் பயிற்சிக்கு ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள், கட்டணமில்லை. பைத்தான் தானாக எண்ணினால் ‘தமிழ்’ என்பதற்கு ஐந்து என்னும். ஓப்பன்-தமிழ் மூன்றெழுத்தாகவே பிரித்துத் தரும்.