வண்டி எண்ணும் வீட்டு விலாசமும்

பாலக்கோட்டுத் தக்காளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும், நெசவாளர் நூல் கொண்டுவரும் இரு சக்கர வாகனத்துக்கும் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகியுள்ளன. அங்கத்தினர்கள் இவற்றை விரும்பிக் கொடுக்கவில்லை. சட்டம் கேட்டது, கொடுத்தார்கள்.

2019-ல் மத்திய சர்க்கார் வண்டிப் பதிவு விவரங்களை மொத்தமாக விலைக்குக் கொடுக்க முற்பட்டது. வாணிப நிறுவனங்களுக்கு 2019-20-ஆம் ஆண்டுக்கு விலை 3 கோடி ரூபாய். பெயரை விலக்கினால் போதாதா என்பர் சிலர். ஒரு பட்டியலை மற்றொன்றோடு பொருத்திப் பார்த்தால் ஆள் இன்னாரென்று புலப்பட்டுவிடும். 2020-ல் அக்கொள்கை கைவிடப்பட்டது. நல்லதே, ஆயினும் அதற்குள் கைமாறியவை திரும்பி வாரா.

அதற்காகப் பதிவேட்டை அடியோடு பூட்டிவிடச் சொல்வதும் தவறு. தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி மோதிவிட்டு நில்லாமற் சென்றால், அடிபட்டவர் குடும்பம் யாரிடம் நஷ்டஈடு கேட்பது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. நஷ்டஈடு கோருபவர் கட்டணம் செலுத்திக் கேட்டால், பதிவு அதிகாரியோ காவல் நிலையப் பொறுப்பாளரோ தம்மிடமுள்ள விவரத்தைத் தந்தே தீரவேண்டும். இதை அறியாதார் தரகரை நாடிப் பணம் இழக்க நேரும்.

நம் சங்கத்தில் ஓர் அங்கத்தினரின் கடன் கணக்கை வழிப்போக்கருக்குக் காட்டுவோமா? வண்டிப் பதிவேட்டுக்கும் அம்முறையே வேண்டும். கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பது எழுத்தில் இருக்கட்டும். கேட்ட செய்தி வண்டிக்காரருக்கும் தெரிவிக்கப்படட்டும்.