மேதையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்

கலைப்படங்களின் டிவிடிகளைத் தேடி வாங்கும் நாம் ஒரு சடங்குக்குப் பழகிவிட்டோம். படம் முடிந்ததும் கூடுதல் இணைப்புகளைத் திறக்கிறோம். முதுமை எய்திய நடிகர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அந்த மேதையுடன் பணியாற்றிய அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். அவர் தொழுகிறார்; நாமும் தொழுதுவிட்டு எழுகிறோம். நேர்காணல் என்ற பெயரில் நடக்கும் இந்த வழிபாட்டை நாம் நிராகரித்தாக வேண்டும். நடிகர் சாட்சியே தவிரப் பூசாரி அல்லர்.

ராபர்ட் ப்ரெஸ்ஸான் தம் நடிகர்களை வெறும் 'மாதிரிகள்' என்றார். அவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது என நண்பர்கள் சிலர் வாதிடக்கூடும். 'பிக்பாக்கெட்' (1959) படத்தில் தோன்றிய மூவரைத் தேடிச் சென்று பாபெத் மாங்கோல்ட் 2003இல் எடுத்த ஆவணப்படமே அதற்கு மறுமொழி. நாயகன் மார்ட்டின் லசாலைக் காண அவர் மெக்சிகோவுக்கே போனார். கிரைட்டீரியன் 2005இல் வெளியிட்ட டிவிடியில் அப்படம் இருக்கிறது. நடிப்பின் சுவடு அழியும்வரை ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கும் முறை, அதற்கு ஆட்பட்டவர்களிடம் நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் எவ்வாறு எஞ்சியிருக்கிறது என்பதை அதில் காண்கிறோம். எந்தக் கோட்பாட்டு நூலும் இதைத் தராது.

மாங்கோல்ட் ஒளிப்பதிவு செய்த 'ழான் தீல்மன்' (1975) படத்தின் 2009ஆம் ஆண்டு டிவிடியும் இவ்வகையில் முக்கியமானது. படப்பிடிப்புத் தளத்தில் சாமி ஃப்ரே பதிவுசெய்த காட்சிகள் அதில் உள்ளன. டெல்ஃபின் செரிக் தம் கதாபாத்திரத்தின் அசைவுகளுக்குக் காரணம் கேட்கிறார். இளம் இயக்குநர் ஷாந்தால் அகெர்மானோடு விவாதிக்கிறார். அந்தப் படம் ஒருவரின் மூளையிலிருந்து மட்டும் உதித்ததென்று இனி எவரும் எழுத முடியாது.

இதே செரிக், இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகளிடம் தாமே கேள்வி கேட்டு ஒரு படம் எடுத்தார். 'அழகாயிரு, வாயை மூடு' என்பது அதன் தலைப்பின் பொருள். 1981இல் வெளியான அப்படத்தில் பேசியவர்களுள் மரியா ஷ்னைடரும் ஒருவர். 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' (1972) படத்தின் வன்புணர்வுக் காட்சியில் ஒரு செய்கை மூலத் திரைக்கதையில் இல்லை என்றும், படமாக்கச் சற்று முன்புதான் தமக்குச் சொல்லப்பட்டது என்றும், அதில் தாம் அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்ததாகவும் அவர் 2007இல் வெளிப்படையாகச் சொன்னார். 2011இல் இறந்தார். இயக்குநர் பெர்டோலுச்சி 2013இல் அதை ஒப்புக்கொண்ட காணொளி 2016இல் பரவிய பிறகே உலகம் கொதித்தது. நடிகையின் சொல்லுக்கு இயக்குநரின் கையொப்பம் தேவைப்பட்டிருக்கிறது. இந்த வெட்கத்தில் சினிமா ரசிகர்களாகிய நமக்கும் பங்குண்டு.

டிரையரின் ஜோன் ஆஃப் ஆர்க்காக (1928) நடித்த ஃபால்கொனெட்டி 1946இல் மறைந்தார். 1999இல் வந்த டிவிடியில் அவர் மகளின் குரல்தான் இருக்கிறது. காலம் அவ்வளவுதான் விட்டுவைத்தது. இன்று உயிரோடிருப்பவர்களிடமாவது சரியாகக் கேளுங்கள்: எத்தனை முறை எடுத்தார்கள்? எதற்கு மறுத்தீர்கள்? எதை உங்களிடம் சொல்லாமல் விட்டார்கள்?