அந்தமான் எரிவாயுவும் அவசர முதலீட்டாளர்களும்

அந்தமான் கடலில் ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய ஸ்ரீ விஜயபுரம்-2 என்னும் கிணற்றில் இயற்கை எரிவாயு தென்பட்டிருப்பதாக, 2025 செப்டம்பர் இறுதியில் மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி சமூக ஊடகத்தில் அறிவித்தார். கரையிலிருந்து சுமார் 17 கி.மீ. தொலைவில், 295 மீட்டர் ஆழமுள்ள கடற்பகுதியில் அமைந்த கிணறு அது. மாதிரிகளைக் காக்கிநாடாவில் சோதித்தபோது அதில் 87 சதவீதம் மீத்தேன் இருப்பது உறுதியானது. அங்கே எவ்வளவு எரிவாயு இருக்கிறது, அதை எடுப்பது கட்டுப்படியாகுமா என்பவை வரும் மாதங்களில்தான் தெரியவரும் என்பதையும் அமைச்சர் அதே பதிவில் குறிப்பிட்டிருந்தார்.

பங்குச் சந்தையில் இதுபோன்ற இரண்டாவது வாக்கியங்களுக்கு வாசகர்கள் குறைவு. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்தில், இதே அமைச்சர் அந்தமானில் கயானாவுக்கு நிகரான எண்ணெய் வளம் கிடைக்கக்கூடும் என்றும், அப்படிக் கிடைத்தால் இந்தியப் பொருளாதாரம் 3.7 டிரில்லியன் டாலரிலிருந்து 20 டிரில்லியன் டாலருக்கு உயரும் என்றும் பேசியிருந்தார். 1,84,440 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் என்ற கணக்கும் ஊடகங்களில் உலா வந்தது. 'கயானா' என்ற ஒற்றைச் சொல் முதலீட்டாளர் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த நிலையில்தான் செப்டம்பர் அறிவிப்பு வெளியானது.

நாட்டில் டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2025-இல் 20 கோடியைக் கடந்துவிட்டது. கரோனாவுக்கு முன்பு அது சுமார் 4 கோடி. சந்தைக்குப் புதிதாக வந்திருக்கும் இத்தனை பேரில் பெரும்பாலோர் ஓர் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டு, வளம் அறிவிக்கப்பட்டு, பின்னர் பொய்த்துப்போன ஒரு முழுச் சுற்றைப் பார்த்தவர்கள் அல்லர். ஆகவே, கயானாவில் என்ன நடந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

கயானாவின் கடற்பகுதியில் எக்ஸான் மோபில் நிறுவனம் 2015 மே மாதம் லிசா-1 கிணற்றில் எண்ணெயைக் கண்டறிந்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. அந்தத் தொழிலில் இது வியக்கத்தக்க வேகம். ஸ்டாப்ரூக் எனப்படும் அந்தப் பகுதியில் எடுக்கக்கூடிய எண்ணெய் சுமார் 1,100 கோடி பீப்பாய் என்று மதிப்பிடப்பட்டது. இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், 2015-இல் அந்தச் செய்தியைக் கேட்டு எக்ஸான் பங்கை வாங்கியவர் 2020-இல் தன் முதலீட்டில் பாதிக்கு மேல் கரைந்திருப்பதைக் கண்டார். சுமார் 85 டாலராக இருந்த பங்கு 35 டாலருக்கும் கீழே சென்றது. அந்த நிறுவனம் டோ ஜோன்ஸ் குறியீட்டிலிருந்தே நீக்கப்பட்டது. கிணறு பொய்க்கவில்லை, உலகில் எண்ணெயின் விலை பொய்த்தது.

பெரிய நிறுவனத்தின் பங்கு ஒரு கிணற்றால் உயர்ந்துவிடாது என்பதை உணர்ந்த துணிச்சல்காரர்கள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். எக்ஸானின் பகுதியை ஒட்டிய ஒரிண்டுயிக் பகுதியில் டல்லோ, டோட்டல் ஆகியவற்றுடன் 15 சதவீதப் பங்கு வைத்திருந்தது ஈகோ அட்லாண்டிக் என்ற சிறு நிறுவனம். 2019 ஆகஸ்டில் ஜெத்ரோ-1, செப்டம்பரில் ஜோ-1 என அடுத்தடுத்து இரு கிணறுகளில் எண்ணெய் கண்டறியப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பங்கு பாய்ந்து ஏறியது. நவம்பரில் ஆய்வக முடிவுகள் வந்தபோது, அது கந்தகம் மிகுந்த கனரக எண்ணெய் என்று தெரிந்தது. எண்ணெய் இருந்தது உண்மை. அந்த ஆழ்கடலிலிருந்து எடுத்து விற்றால் கட்டுப்படியாகும் எண்ணெய்தானா என்பதே கேள்வியாகிவிட்டது. பங்கு விலை ஒரே நாளில் செங்குத்தாகச் சரிந்தது.

நிலத்தடி வளத்தைக் குறிக்கப் பயன்படும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. துரப்பணம் செய்யும் முன்னர், நில அதிர்வு ஆய்வுப் படங்களைக் கொண்டு 'இருக்கலாம்' என்று சொல்லப்படுவது எதிர்பார்க்கப்படும் வளம். கிணறு தோண்டி எண்ணெயோ எரிவாயுவோ தென்பட்ட பின்னும், எடுத்து விற்க இயலுமா என்பது முடிவாகாதவரை அது நிபந்தனைக்குட்பட்ட வளம். திட்டம், விலை, குழாய்வழி, ஒப்புதல் எல்லாம் கூடிவந்த பிறகே அதற்கு 'இருப்பு' என்ற பெயர் கிடைக்கிறது. அந்த இருப்பிலும்கூட 90 சதவீத நிகழ்தகவு உடையது, 50 சதவீதம் உடையது, 10 சதவீதம் உடையது என்று படிகள் உண்டு. நிலத்தடியில் கிடக்கும் மொத்த அளவு வேறு, மேலே கொண்டுவர இயலும் அளவு வேறு. அந்தமானில் நாம் நிற்பது இரண்டாம் படியின் தொடக்கத்தில். ஜூனில் பேசப்பட்ட எண்ணோ முதற்படியைச் சேர்ந்தது. செய்தித் தலைப்புகளில் எல்லாமே 'எண்ணெய் வளம்' என்று ஒன்றாகிவிடுகின்றன.

இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்ததற்கு நாம் ஏற்கெனவே கொடுத்த விலை சிறியதன்று. குஜராத் அரசுக்குச் சொந்தமான ஜிஎஸ்பிசி நிறுவனம் கிருஷ்ணா - கோதாவரி படுகையில் 20 லட்சம் கோடி கன அடி எரிவாயுவைக் கண்டறிந்ததாக 2005 ஜூனில் அப்போதைய முதல்வர் நரேந்திர மோடி அறிவித்தார். அதன் மதிப்பு 2 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் எனப்பட்டது. பின்னர் மத்திய அரசின் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் ஒப்புதல் அளித்த மேம்பாட்டுத் திட்டத்தில் எடுக்கக்கூடியதாகக் காணப்பட்ட அளவு சுமார் 1 லட்சம் கோடி கன அடி. அறிவிக்கப்பட்டதில் இருபதில் ஒரு பங்கு. ஜிஎஸ்பிசியின் கடன் 2015 வாக்கில் 20 ஆயிரம் கோடி ரூபாயை நெருங்கியது.

அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. எனவே சிறு முதலீட்டாளர் தப்பினார் என்று நினைக்கத் தோன்றும். தப்பவில்லை. 2017-இல் தீனதயாள் மேற்குப் பகுதியின் 80 சதவீத உரிமையை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கும், வேறு ஆறு கண்டுபிடிப்புகளை 20 கோடி டாலருக்கும் வாங்கிக்கொண்டது ஓஎன்ஜிசி. அந்த நிறுவனத்தின் பங்குகளை, அரசு நிறுவனம்தானே என்ற நம்பிக்கையில், ஓய்வூதியப் பணத்தைப் போட்டு வாங்கி வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். கைவசம் வந்த வயலின் உற்பத்தியோ மிகச் சொற்பம்.

தனியார் கதையும் பெரிதாக வேறுபட்டதன்று. ரிலையன்ஸ் 2002-இல் கண்டறிந்த கேஜி-டி6 பகுதியில் எரிவாயு உண்மையாகவே இருந்தது. 2009 ஏப்ரலில் உற்பத்தியும் தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் என்ற இலக்கை அது எட்டவேயில்லை. டி1, டி3 வயல்களின் இருப்பு, சொன்னதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழாகத் திருத்தப்பட்டது. 2020 பிப்ரவரியில் அவை மூடப்பட்டன. இதே எரிவாயுவை நம்பிச் சந்தையில் வலம்வந்த இன்னொரு பங்கு உண்டு: ரிலையன்ஸ் நேச்சுரல் ரிசோர்சஸ். அம்பானி சகோதரர்களின் பாகப்பிரிவினையில் லட்சக்கணக்கான சிறு பங்குதாரர்களின் கைக்கு வந்த அந்தப் பங்கின் மதிப்பு முழுவதும், 2.34 டாலர் விலையில் எரிவாயு கிடைக்கும் என்ற ஓர் எதிர்பார்ப்பின் மீது நின்றது. எரிவாயு நாட்டுக்குச் சொந்தம், விலையை அரசே தீர்மானிக்கும் என்று 2010 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றே அந்தப் பங்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. இத்தகைய ஆபத்தை எந்த நில அதிர்வு ஆய்வும் காட்டித் தராது.

லண்டனின் ஏய்ம் சந்தை இந்தச் சூதாட்டத்தின் பல்கலைக்கழகம் என்றே சொல்லலாம். ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே கிணறு தோண்டிய டிசையர் பெட்ரோலியம், 2010 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமையன்று எண்ணெய் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. அடுத்த திங்கட்கிழமை, வந்தது தண்ணீர் என்று திருத்தம் வெளியிட்டது. பங்கு ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது. யுகே ஆயில் அண்டு கேஸ் நிறுவனம் 2015 ஏப்ரலில் கேட்விக் விமான நிலையத்துக்கு அருகே 10,000 கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கலாம் என்றபோது பங்கு சில மணி நேரத்தில் பல மடங்கானது. அந்த எண் அந்நிறுவனத்தின் உரிமப் பகுதிக்கானதன்று, படுகை முழுமைக்குமானது. அதிலும் எடுக்கக்கூடியது ஒரு சிறு விகிதமே. வருவாய் இல்லாத இத்தகைய நிறுவனங்கள் அடுத்த கிணற்றுக்கான பணத்தைப் புதிய பங்குகளை வெளியிட்டே திரட்டுகின்றன. நல்ல செய்தியால் விலை ஏறிய நேரமே அதற்கு உகந்த நேரம். பழைய முதலீட்டாளரின் உரிமை ஒவ்வொரு முறையும் நீர்த்துப்போகிறது. கேட்விக் எண்ணெய்க்காக ஆரவாரிக்கப்பட்ட அந்தப் பங்கு பின்னர் ஒரு பென்னியின் மிகச் சிறு பின்னத்துக்கு விற்றது.

ஆயில் இந்தியா அந்த வகையைச் சேர்ந்ததன்று. அஸ்ஸாமில் அதற்கு உறுதியான உற்பத்தி உண்டு, லாபம் உண்டு, ஈவுத்தொகையும் உண்டு. அதனால்தான் அந்தமானுக்காக மட்டும் அதை வாங்குவது பொருத்தமற்ற கணக்காகிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் 760 ரூபாயைத் தாண்டிய அந்தப் பங்கு, 2025 மார்ச்சில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தமானில் எதுவும் பொய்த்ததால் வந்த வீழ்ச்சி அன்று அது. கச்சா எண்ணெய் விலையும் சந்தையின் பொதுவான மனநிலையும் மாறியதன் விளைவு. அந்தமான் எரிவாயு வணிக அளவில் உறுதிப்பட்டாலும்கூட, அதைப் பயன்படுத்த அந்தத் தீவுகளில் பெரிய நுகர்வு இல்லை. பெருநிலத்துக்குக் கொண்டுவர 1,000 கி.மீ.க்கு மேல் கடலைக் கடக்க வேண்டும். மன்னார் கடலில், இலங்கை எல்லைக்குள், கெய்ர்ன் இந்தியா 2011-இல் டொராடோ, பாரகுடா என்ற இரு கிணறுகளிலும் எரிவாயுவைக் கண்டறிந்து, கட்டுப்படியாகாமல் 2015-இல் வெளியேறியது. அந்த எரிவாயு இன்றும் கடலுக்கடியில்தான் இருக்கிறது.

துரப்பணம் வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் அன்று. எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு தேடத்தான் வேண்டும். பத்துக் கிணறுகளில் எட்டு வெறுங்கிணறாகப் போகலாம் என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். ஆட்சேபம் வேறு. ஆயில் இந்தியாவிலும் ஓஎன்ஜிசியிலும் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் மத்திய அரசிடம் உள்ளன. சந்தையின் மொழியில் அரசு அவற்றின் நிறுவனர் - உரிமையாளர். ஒரு தனியார் நிறுவனத்தின் உரிமையாளர் 'எங்கள் கடலில் இன்னொரு கயானா இருக்கலாம்' என்று பேட்டி அளித்தால், எந்த ஆய்வின் அடிப்படையில், எந்தப் படியிலுள்ள வளம் என்று கேள்வி எழுந்திருக்கும். அதையே அமைச்சர் சொல்லும்போது நாட்டுப்பற்றின் குரலாக அது கேட்கப்படுகிறது.

செபியின் வெளிப்படுத்தல் விதிகள் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகின்றன. முதல் 250 நிறுவனங்களைப் பற்றிய வதந்தி பங்கு விலையை அசைத்தால், 24 மணி நேரத்துக்குள் அதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ வேண்டும் என்ற விதியும் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால், அது குறிப்பிட்ட ஒரு நிகழ்வைப் பற்றிய செய்திக்கானது. 'கயானா' போன்ற பொதுவான கனவு அந்த வலையில் சிக்காது. அரசு நிறுவனங்களின் வளம் பற்றி அமைச்சகம் எதைச் சொல்வதானாலும், முதலில் அந்த நிறுவனமே பங்குச் சந்தைக்கு, வளத்தின் வகையையும் நிகழ்தகவையும் குறிப்பிட்டுத் தெரிவித்த பிறகே சொல்ல வேண்டும் என்ற ஒரு நடைமுறையைக் கொண்டுவர சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றின் அடுத்தகட்டச் சோதனை முடிவுகளிலிருந்தே அதைத் தொடங்கலாம்.