மண்வெட்டிப் பிடியில் ராபின்

பறவை பார்க்கப் போகிறவர் அசையாமல் இருக்க வேண்டும் என்பார்கள். லண்டனில் எங்கள் அலாட்மென்டில் கதையே வேறு. இங்கே அசைந்து வேலை செய்தால்தான் பறவை வரும்.

அலாட்மென்ட் என்பது கவுன்சில் ஆண்டு வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு. முழுத் துண்டு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். உழைக்கும் மக்கள் தங்களுக்கான காய்கறியைத் தாங்களே விளைவித்துக்கொள்ள 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு உறுதியான அடித்தளம் போட்டது. என் துண்டில் கேல், பீன்ஸ், வெங்காயம் உண்டு. ஆனாலும் சனிக்கிழமை காலையில் என்னை அங்கே இழுப்பவை பறவைகள்தான்.

முதலில் வருவது ராபின். நாலு கொத்துக் கொத்துவதற்குள் வேலியில் வந்து உட்காரும். மூச்சு வாங்க நின்றால் மண்வெட்டிப் பிடிக்கே வந்துவிடும். பக்கத்துத் துண்டில் வெந்தயக்கீரை போடும் யாழ்ப்பாணத்து அம்மா சொன்னார்: “தம்பி, உது உங்களைப் பாக்க வரேல்லை. புழு பாக்கத்தான் வந்தது.” உண்மைதான். ஐரோப்பியக் காடுகளில் காட்டுப்பன்றி மண்ணைக் கிளறும் இடத்தில் ராபின் பின்தொடர்ந்து போய் இரை பொறுக்கும். அதன் கணக்கில் நான் ஒரு பன்றி. அந்த உறவு எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் கொஞ்சலும் இல்லை, பயமும் இல்லை.

ராபினின் செந்நெஞ்சு அழகுக்காக வந்ததன்று. டேவிட் லாக் என்ற பறவையியலாளர் டெவன் பகுதியில் ராபின்களின் கால்களில் வண்ண வளையமிட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1943-இல் நூலாக எழுதினார். ராபினின் எல்லைக்குள் தலையும் வாலும் இல்லாத வெறும் சிவப்பு இறகுக் கொத்தை வைத்தாலும் அது சீறிப் பாய்ந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். குளிர்காலத்தில் ஆணைப் போலவே பெண்ணும் தனக்கென எல்லை பிடித்துப் பாடும். நவம்பர் மாதத்து நசநசப்பில் மற்ற பறவைகள் பெரும்பாலும் வாயடைத்துப் போயிருக்கும்போது, 18 கிராம் எடைகூட இருக்குமோ என்னவோ, அந்த உடம்பிலிருந்து எழும் பாட்டைக் கேட்டு வேலையை மறந்து நின்றிருக்கிறேன்.

சாங் திரஷ் இப்போது அரிதாகிவிட்டது. நத்தையை அலகில் கவ்வி, ஒரே கல்லில் திரும்பத் திரும்ப அடித்து ஓட்டை உடைக்கும். பாதை ஓரத்தில் ஓட்டுச் சில்லுகள் குவிந்த கல்லைக் கண்டால் எனக்கு அன்றைக்கு முழுக்க மகிழ்ச்சி. இப்படி நத்தை தின்னும் பறவை இருக்கும் நிலத்தில்தான் நாம் நத்தை மருந்தைத் தூவிக்கொண்டிருந்தோம். மெட்டல்டிஹைட் கலந்த மருந்துக்கு 2022-இல் இங்கே தடை வந்தது. ஷெட்டில் பழைய டப்பா கிடந்தால் தயவுசெய்து கவுன்சிலின் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள்.

ஆப்பிள் மரத்தில் பச்சைக்கிளிகளும் கூச்சலிடும். நம் ஊர்க் கிளியின் அதே இனம். கூண்டிலிருந்து தப்பியவற்றின் வம்சம். பாதிப் பழத்தைக் கொத்திப் போடுகின்றன என்று பலருக்குக் கோபம். எனக்கு அந்தக் குரல் வேண்டும்.

கேலைக் காலி செய்வது காட்டுப்புறா. அதற்காக வலை போடுகிறவர்கள் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, அடியோரம் முழுக்கக் கல் வையுங்கள். தொங்கும் வலையில் கால் சிக்கிய பிளாக்பேர்டை நான் பிரித்து விட்டிருக்கிறேன். அதன் நெஞ்சு துடித்த துடிப்பு கையில் இன்னும் இருக்கிறது. அடிக்கடி வந்து பார்க்க முடியாதவர் வலையே போட வேண்டாம். புறா தின்றுவிட்டுப் போகட்டும், தண்டு இருந்தால் கேல் மறுபடி துளிர்க்கும்.