ஃபெர்மாவுக்குப் பிடிபடாத 641

4294967297. வாசித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது. 3, 5, 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போனால் நெடுநேரம் எதற்கும் மசியாது. பகா எண் என்றே தோன்றும்.

பிரான்சின் கணிதவியலாளர் பியர் டி ஃபெர்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் கிடைப்பவை எல்லாம் பகா எண்கள் என்று 1640இல் கடிதத்தில் எழுதினார். 3, 5, 17, 257, 65537 ஆகிய முதல் ஐந்தும் பகா எண்களே. ஆறாவதுதான் 4294967297. அதைச் சோதிக்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது. அவர் பெயரால் வழங்கும் சிறிய தேற்றத்தை 3ஐ வைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் இது பகா எண் அல்ல என்பது தெரிந்திருக்கும். 2ஐ வைத்துப் போட்டால் மட்டும் இந்த எண் தேறிவிடுகிறது.

1729இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் இந்தக் கூற்றை இன்னொரு கணிதவியலாளரான ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732இல் ஆய்லர் விடை சொன்னார்: 4294967297 = 641 × 6700417. இதன் பகாக் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதையும் அவர் பின்னர் நிறுவினார். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே எண் உடைகிறது!

வகுத்துப் பார்க்காமலே இதைக் காட்டலாம். அழகான வழி. 5 × 2⁷ = 640; 641க்கு ஒன்று குறைவு. எனவே 641ஆல் வகுக்கையில் 5 × 2⁷இன் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ என்று போடலாம். இப்போது −2³²இன் மீதி 1. 2³²இன் மீதி −1. அதோடு 1 கூட்டினால் மீதி பூஜ்யம்.

4294967297 பகா எண் அல்ல என்பதை இரு வர்க்கங்களின் கூட்டலும் சொல்கிறது. ஒரு பகா எண்ணை அப்படி எழுத முடிந்தால் ஒரே வழியில்தான் முடியும். இதற்கோ இரண்டு வழிகள்: 65536² + 1², 62264² + 20449².

இதைவிட இரண்டு குறைந்த 4294967295, அந்த முதல் ஐந்து பகா எண்களின் பெருக்கல். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணும் அதுவே. கணிதவியலாளர் காஸ் தந்த விதிப்படி, அத்தனை பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம். 4294967297 பக்கம் கொண்டதை வரைய முடியாது.

ஃபெர்மாவின் வரிசையில் ஆறாவது முதல் முப்பத்து மூன்றாவது வரை உள்ள 28 எண்களும் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுவிட்டது. முப்பத்து நான்காவது இன்னும் தீராமல் இருக்கிறது.