நீராவி குறுகுவதில்லை

‘வெறும் மினியேச்சர் வேலை’ என்று ஒரு படைப்பைத் தள்ளிவிடுவது நம் விமர்சனத்தில் எளிதாகிவிட்டது. நுணுக்கம் உண்டு, உயிர் இல்லை என்பது அதன் பொருளாம். நிலக்கரி எரிந்து, நீர் கொதித்து, ஆளை இழுத்தோடும் சிற்றுரு நீராவி எஞ்சின் ஒன்று எவ்வாறு உருவாகிறது என்பதை இவர்கள் அறிந்தவர்களாகத் தெரியவில்லை. அறிந்திருந்தால் அச்சொல்லை வசையாக அன்று, பாராட்டாகவே வழங்கியிருப்பர்.

பிரிட்டனில் பரவலாக வழங்கும் மூன்றரை அங்குலத் தண்டவாள அகலத்தை எடுத்துக்கொள்வோம். அது மூலத்தின் 16இல் ஒரு பங்கு. நீளம் 16இல் ஒன்றானால், பரப்பு 256இல் ஒன்று. கொள்ளளவு 4096இல் ஒன்று. உள்ளிருக்கும் நீரோடு ஒப்பிட, வெப்பத்தை இழக்கும் பரப்பு 16 மடங்கு மிகுகிறது. வரைபடத்தைச் சுருக்கலாம், வெப்பத்தின் இயல்பைச் சுருக்க இயலாது. மூல எஞ்சினின் கொதிகலனில் நூற்றுக்கும் மேற்பட்ட புகைக்குழாய்கள் இருக்கும். அவற்றை அப்படியே குறுக்கினால் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் கரி அடைத்துக்கொள்ளும். தீ மூச்சுத்திணறி அவியும். ஆகவே, செய்பவர் எண்ணிக்கையைக் குறைத்து, அகலத்தைக் கூட்டுகிறார். மூலத்துக்கு இழைக்கும் இந்தத் துரோகமே எஞ்சினை ஓடச் செய்கிறது.

இன்னும் கூர்மையான சான்று நீர்மட்டக் கண்ணாடிக் குழாய். அதையும் 16இல் ஒன்றாக்கினால் உள்துளை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அவ்வளவு நுண்ணிய துளையில் நீர் தானே மேலேறி நிற்கும். குமிழி சிக்கினால் அசையாது. கொதிகலனில் நீர் வற்றிக்கொண்டிருக்க, கண்ணாடி ‘போதிய நீர் உண்டு’ என்று பொய் சொல்லும். எரியறையின் கூரை நீரின்றி வெளிப்பட்டால் செம்புத் தகடு காய்ந்து வலுவிழக்கும். ஓட்டுபவர் முகத்தருகே நீராவி பீறிடலாம். மூலத்துக்கு முற்றிலும் உண்மையான அளவு, நிகழ்வுக்கு முற்றிலும் பொய்யாகிறது. அளவில் பெருத்த, கண்ணை உறுத்தும் குழாயே இங்கு உண்மை பேசுகிறது.

இவ்வழக்கு புதிதன்று. 1898இல் இலண்டனில் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழில் 1922இல் ஒரு கடும் விவாதம் மூண்டது. சிறிய எஞ்சினுக்கு ஸ்பிரிட் விளக்கே ஏற்றது என்பது ஹென்றி கிரீன்லி போன்றோர் வளர்த்த மரபு. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவரோ இரண்டரை அங்குல எஞ்சினும் நிலக்கரித் தீயில் ஆளை இழுக்கும் என்று வாதிட்டார். வாதிட்டதோடு நில்லாமல் தம் ‘அயேஷா’வை ஓட்டியும் காட்டினார். பின்னர் அவர் வடிவமைத்த ‘டிச்’ என்னும் சிற்றெஞ்சினைப் பயில்வோர் இன்றும் செய்கின்றனர்.

மறுபுறத்தாரையும் விடுவதற்கில்லை. ஒவ்வொரு ரிவெட்டையும் எண்ணிச் சரிபார்த்து, எஞ்சினைத் தீ காணாமலே கண்ணாடிப் பேழையில் அடைப்போர் அவர்கள். ரிவெட் வரிசையையும், விளக்குத் தாங்கியையும், வண்ணக் கோடுகளின் மெல்லிய வளைவையும் நாம் பழிக்கவில்லை. அவை கண்ணுக்கு விருந்து. மூலத்தைக் கட்டியவர்க்குச் செய்யும் மரியாதையும்கூட. நம் மறுப்பு வரிசைமுறை பற்றியது. வெள்ளிப் பற்றாசு இட்ட செம்புக் கொதிகலன் முதலில் நீரழுத்தச் சோதனையில் வேலையழுத்தத்தின் இருமடங்கைத் தாங்கட்டும். தீ மூட்டி ஓடட்டும். அதன் பிறகு அணிகள் வரட்டும். ஓட்டத்துக்கு இடையூறான அணி எவ்வளவு துல்லியமாயினும் பிழையே.

இகழும் விமர்சகரும் ரிவெட் எண்ணுபவரும் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றினும், இருவர் நம்பிக்கையும் ஒன்றே: சிறியது என்பது பெரியதன் சுருக்கம். சிறுகதையைக் குறுகிய நாவலாக எண்ணி, ‘விரிவு போதவில்லை’ என்று மதிப்புரை எழுதுவோரும் இந்நம்பிக்கையில் பிறந்தவர்களே. சிற்றுருவுக்கு அதற்கே உரிய இயற்பியல் உண்டு, சிறுகதைக்கும் அவ்வாறே. ஒன்றைச் சிறியது என்று ஒதுக்குமுன், அதனுள் தீ எரிகிறதா என்று பார்ப்பது குறைந்தபட்ச நாணயம். எரிகிற தீயை ரிவெட் எண்ணிக்கையால் அளப்பது எந்தத் துறையிலும் விமர்சனம் ஆகாது.