சாவிக்கு மூளை வந்தால்...

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் அண்ணன் மகள் லீவுக்கு வந்தால் போதும், ஊறுகாய் விசாரிப்பதற்கு முன்னாலேயே கார் புராணம் ஆரம்பித்துவிடும். "அத்தை, எங்க காரிலே ஸீட் தானா சூடாகும், ஸ்டியரிங் கூட சூடாகும்!" என்பாள். எங்கள் செஞ்சி வெயிலில் ஸீட்டும் ஸ்டியரிங்கும் சும்மாவே சூடாகின்றன. அதற்குத் தனியாகக் காசு வேறு கொடுப்பார்களா என்ன?

அந்தப் பட்டியலில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது திருடனுக்காகச் செய்த சாவி. இப்போது நம் ஊர்க் கார்களிலும் வந்துவிட்டது. கார் ஓட்டுவது வீட்டில் யாராக இருந்தாலும், அந்தச் சாவி ஆணியில் தொங்குகிறதா, குழந்தை கையில் இருக்கிறதா என்று பார்ப்பது பெரும்பாலும் நாம்தானே? அதனால் அதன் குணத்தை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

சாவி பேசும் ரகசியம்

அம்பாசடர் கார் காலத்தில் சாவி வெறும் இரும்புத் துண்டு. தொலைந்தால் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர்காரர் அரம் வைத்து ராவி, பத்து நிமிஷத்தில் வேறு ஒன்று கொடுத்துவிடுவார். புதுச் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் கடுகளவு 'சிப்' ஒன்று இருக்கிறது. சாவியைப் போட்டதும் கார் அதனிடம் ரகசிய எண்ணைக் கேட்கும். சரியான எண் வந்தால்தான் இன்ஜின் உயிர் பெறும். இதற்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர். இந்தச் சிப்புக்குப் பாட்டரி தேவையில்லை. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்தே வேண்டிய சக்தியை வாங்கிக்கொள்ளும்.

இங்கிலாந்தில் 1998 அக்டோபரிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2001லிருந்தும், கனடாவில் 2007லிருந்தும் புதுக் கார்களில் இது கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் கிடையாது. பலன் என்ன ஆயிற்று தெரியுமோ? ஹூண்டாய், கியா கம்பெனிகள் அங்கே விற்ற பல மாடல்களில் இந்தச் சிப் இல்லை. அதே கம்பெனிகள் பக்கத்து நாடான கனடாவில் விற்ற கார்களில் இருந்தது! 2021, 2022ல் விடலைப் பையன்கள் கார் திருடும் வித்தையைப் படம் எடுத்துப் பரப்ப, அமெரிக்காவில் திருட்டு மளமளவென்று பெருகியது. திருடிய கார்களை ஓட்டி விபத்தில் இறந்தவர்களும் உண்டு. கடைசியில் 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாகத் திருத்தம் செய்து தருவதாகக் கம்பெனிகள் அறிவித்தன. கூடவே ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டையும் கொடுத்தார்கள். வெளிநாடு என்றாலே எல்லாம் உசத்தி என்று நினைக்க வேண்டாம். சட்டம் கேட்ட இடத்தில்தான் பாதுகாப்பு வந்திருக்கிறது.

வசதிக்கு விலை

சிப் சாவி தொலைந்தால் புதிதாக வாங்கிக் காருக்குப் பழக்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். உயர்ந்த ரகக் கார் என்றால் இன்னும் கூடுதல். கார் திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஆகவே இரண்டாவது சாவியைக் காருக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். வீட்டு அலமாரியில் பத்திரங்களோடு வையுங்கள்.

பொத்தானை அமுக்கிக் கிளப்பும் காரின் சாவியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். பக்கத்தில் போனாலே கதவு திறக்கும். ஆனால் அந்தச் சாவியின் அலையை வீட்டு வாசலில் நின்றபடியே ஒரு கருவியால் இழுத்து, காருக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கு அனுப்பும் திருடர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். சாவியை வாசல் ஜன்னலோரம் மாட்டாமல், மூடி இறுக்கமான தகர டப்பாவில் போட்டு உள் அறையில் வைத்தால் அலை வெளியே போவது பெரும்பாலும் அடங்கும். அந்தச் சாவியின் பாட்டரி தீர்ந்துவிட்டால் பதற வேண்டாம். பல கார்களில் உள்ளே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை வைத்துக் கதவைத் திறக்கலாம். பிறகு சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் இன்ஜின் கிளம்பும். உங்கள் காரில் எப்படி என்று வாங்கும்போதே செய்து காட்டச் சொல்லுங்கள்.

குழந்தை கையில் சாவி

இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அழுகிற குழந்தைக்கு விளையாட்டுக் காட்டக் கார் சாவியைக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அதற்குள் நாணயம் போன்ற வட்டப் பாட்டரி இருக்கிறது. பல சாவிகளில் அதன்மேல் 2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள இதுவே தோதான அளவு. அங்கே ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடிக் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் குழாயைப் புண்ணாக்கிவிடும். 'தீர்ந்துபோன பாட்டரிதானே' என்றும் அலட்சியம் வேண்டாம், அதிலும் மிச்சம் இருக்கும். அமெரிக்காவில் ஒரு சின்னக் குழந்தை இப்படி இறந்த பிறகு, வட்டப் பாட்டரி போடும் சாமான்களுக்கென்றே 2022ல் தனிச் சட்டம் வந்தது.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்-ரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சோறோ பாலோ கொடுக்கக் கூடாது. ஒரு வயது முடிந்த குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், நன்றாக விழுங்க முடிகிறதென்றால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. புண் ஆழமாவதைத் தேன் மட்டுப்படுத்தும். ஒரு வயதுக்குள் என்றால் தேன் கூடவே கூடாது. தேன் தேடுவதற்காகப் புறப்படத் தாமதிக்கவும் கூடாது. எங்களைப் போல விழுப்புரம் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும் ஊர்க்காரர்கள் இதை மனசில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே மாட்டிக்கொண்டால்

எங்கள் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ராஜகிரியின் உச்சிக் கோட்டைக்கு முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது. மேலே ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவரும் அந்த வழியாக வெளியேற முடியாது. காரின் பூட்டும் அப்படித்தான்.

2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை எந்தத் தாயால் மறக்க முடியும்? வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறிவிடும். கண்ணாடியை விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய பயன் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும்.

அமெரிக்காவில் 2001 செப்டம்பரிலிருந்து செய்த கார்களில், டிக்கிக்குள் மாட்டிக்கொண்டவர் உள்ளிருந்தே திறக்க ஒரு கைப்பிடி கட்டாயம். இருட்டிலும் மின்னும். ஸீட் சூடாக்கும் வசதிக்குப் பதில் இதைக் கேட்டு வாங்கலாமே! நம் நாட்டிலும் 2019 ஜூலையிலிருந்து, மின்சாரம் போனாலும் கதவைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வழி இருந்தால் போதாது, குழந்தைக்கு அது தெரிய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள். பின்கதவுகளில் 'சைல்டு லாக்' போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. முன் ஸீட்டுக்குத் தாவி, முன்கதவுப் பிடியை இழுக்க வேண்டும். முடியாவிட்டால் ஹாரனை விடாமல் அமுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் சாவி போடாமலே ஹாரன் அடிக்கும்; உங்கள் காரில் அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளியே இருந்து பார்க்கிற நாம், குழந்தை துவண்டு போனால் சாவிக்காகக் காத்திருக்கக் கூடாது. குழந்தைக்குத் தூரமாக உள்ள கண்ணாடியை உடைத்துவிட்டு 108க்கு போன் செய்யுங்கள். கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம்.

இனி வீட்டில் கார் நின்றதும் மூன்று வேலை: உள்ளே எட்டிப் பாருங்கள், பூட்டுங்கள், சாவியைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். காரைத் திருடனிடமிருந்து சாவி பார்த்துக்கொள்ளும். சாவியிடமிருந்து குழந்தையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.